எல்லாமே கோப்புதான்

போன மாதம் முழுக்க நான் ஒன்றும் எழுதவில்லை. வழக்கமாகப் படிக்கிற நண்பர்கள் இரண்டு பேர் போன் செய்து, "உடம்புக்கு ஏதாவதா சார்?" என்று விசாரித்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் 'பி' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'சி' என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு எழுத்துக்கு ஒரு மாதம் தண்டனை. என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு ஏற்பாட்டைச் சொல்லியாகவேண்டும். பயப்படவேண்டாம். சர்க்கார் ஆபீஸில் கோப்பு தூக்கியவர்களுக்குச் சுலபமாகவே புரியும்.

நான் 2009-ல் ஓய்வு பெற்றேன். வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டர் ஒரு கட்டத்தில் நடக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பக்கத்து வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிற பையன், "தாத்தா, லினக்ஸ் போட்டுத் தரேன், ஓடும்" என்றான். போடும்போது எந்த மொழி வேண்டும் என்று அது கேட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஆசையாக 'ஃப்ரான்ஸே' என்று தேர்ந்தெடுத்தேன். பையன் சிரித்தான்.

பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு 'ஓர்தினத்தேர்' என்று பெயர். 1955-ல் ஐபிஎம் கம்பெனி கேட்டதற்காக ஜாக் பெர்ரே என்ற இலத்தீன் பேராசிரியர் எடுத்துக்கொடுத்த சொல். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் 1955-ல்தான். ஆக, அந்தச் சொல்லும் நானும் ஒரே செட்.

ஆங்கிலத்தில் 'ஃபைல்' என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஃபிஷியே' என்கிறார்கள். முதலில் எனக்கு இது பொருந்தவில்லை. எங்கள் காலத்தில் ஃபிஷியே என்றால் அட்டைகள் அடுக்கிய இழுப்பறைப் பெட்டி. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பெயர், ஒரு எண், எந்த அலமாரியில் பார்க்கவேண்டும் என்ற குறிப்பு. அவ்வளவுதான் இருக்கும். விஷயமெல்லாம் 'தொசியே'யில், அதாவது நாம் கோப்பு என்று சொல்கிற கட்டில் இருக்கும். அட்டையை எப்படிக் கோப்பு என்கிறார்கள் என்று யோசித்தேன். பதில் லினக்ஸுக்குள்ளேயே கிடைத்தது.

லினக்ஸில் 'டெவ்' என்று ஒரு டைரக்டரி இருக்கிறது. கருவி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்து. அதைத் திறந்து பார்த்தால் ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஒலி அட்டை, கேமரா எல்லாம் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் கோப்புகளாக! முதல் ஹார்ட் டிஸ்க் 'எஸ்டிஏ' என்ற கோப்பு. இரண்டாவது 'எஸ்டிபி', மூன்றாவது 'எஸ்டிசி'.

கருவி எப்படிக் கோப்பாகும்? நானும் அதைத்தான் கேட்டேன். பையன் ஒரு வேலை செய்து காட்டினான். 'கேட்' என்று ஒரு கட்டளை உண்டு. கோப்பில் இருப்பதை அப்படியே திரையில் கொட்டும். மவுஸுக்கு உரிய கோப்பை அதனிடம் கொடுத்தான். திரை சும்மா இருந்தது. "இப்ப மவுஸை அசைங்க தாத்தா." அசைத்தேன். கண்டபடி எழுத்துகள் கொட்டின. நிறுத்தினேன், நின்றது. அந்தக் கோப்பில் யாரும் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. அதைப் படிக்கப் போனால் மவுஸ் அந்த நிமிஷம் சொல்வது வருகிறது.

அதே மாதிரிதான் பிரிண்டரும். அந்தக் கோப்பில் எழுதினால் காகிதத்தில் அச்சாகும். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருந்தபோது இப்படி நேராகவே எழுதி அச்சடிப்பார்களாம்.

ஒரு கோப்பை நீள விவரத்தோடு பட்டியல் போட்டால், அது எத்தனை பைட் என்று ஒரு எண் வரும். டெவ்வில் இருக்கும் கருவிக் கோப்புகளுக்கு அந்த இடத்தில் பைட் கணக்கு வராது. அதற்குப் பதில் இரண்டு எண்கள் இருக்கும். எஸ்டிஏவுக்கு 8, 0. எஸ்டிபிக்கு 8, 16. எஸ்டிசிக்கு 8, 32. எனக்கு உடனே புரிந்துவிட்டது. முதல் எண் செக்‌ஷன், இரண்டாவது எண் சீட். 8 என்றால் டிஸ்க் செக்‌ஷன். அந்தச் செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தாவுக்கு 'டிரைவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கோப்பில் எதை எழுதினாலும் அது அவரிடம் போகும். அவர் அதை அந்தக் கருவிக்குப் புரிகிற பாஷையில் சொல்லி வேலையை முடித்துத் தருவார். மனு கொடுத்தவருக்கு உள்ளே யார் என்ன செய்தார் என்று தெரியவேண்டியதில்லை.

ஆக, அந்தக் கோப்புக்குள் சரக்கு ஒன்றும் கிடையாது. ஒரு பெயர், இரண்டு எண், யார் தொடலாம் என்ற உத்தரவு. எங்கள் ஃபிஷியேயில் இருந்த அட்டையேதான்!

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிச்சி என்ற இருவர். 1969-ல் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை ஆரம்பித்தார்கள். 1974-ல் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இந்தக் கருவிக் கோப்புகளைத்தான் தங்கள் கோப்பு முறையிலேயே வழக்கத்துக்கு மிகவும் மாறானது என்று குறிப்பிடுகிறார்கள். மூன்று நன்மைகளையும் சொல்கிறார்கள். சாதாரணக் கோப்பையும் கருவியையும் கூடியவரை ஒரே மாதிரி கையாளலாம். கோப்பின் பெயரைக் கேட்கிற எந்த நிரலுக்கும் கருவியின் பெயரைக் கொடுக்கலாம். கோப்புக்கு இருக்கிற காவல் முறையே கருவிக்கும் போதும். லினக்ஸ் 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது. அதுவும் இதே வழியைப் பின்பற்றியது.

திற, படி, எழுது, மூடு. டிஸ்க்கோ மவுஸோ பெரும்பாலும் இந்த நாலு வினைச்சொல் போதும். என் முப்பத்தொன்பது வருஷ உத்தியோகமும் இந்த நாலு வினைச்சொல்தான் என்று நினைத்தபோது, பார்த்திராத அந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

டெவ்வில் சில கோப்புகளுக்குப் பின்னால் கருவியே கிடையாது. 'நல்' என்று ஒன்று. எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், படிக்கப் போனால் ஒன்றும் இருக்காது. புகார்ப் பெட்டி மாதிரி. 'ஃபுல்' என்று இன்னொன்று. எப்போது எழுதினாலும் "இடமில்லை" என்று திருப்பி அனுப்பும். அந்த மாதிரி சீட்டில் உட்கார்ந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எல்லாமே கோப்பு என்று சொன்னாலும் முழுக்க உண்மையில்லை. நெட்வொர்க் அட்டைக்கு டெவ்வில் கோப்பு கிடையாது. சிடி தட்டை வெளியே தள்ளு என்பது போன்ற காரியங்களுக்குப் படி, எழுது என்ற இரண்டும் போதாது. அதற்கென்று பக்கவாட்டில் வேறொரு அழைப்பு வைத்திருக்கிறார்கள். கோப்பில் எழுதமுடியாததை ஆபீசரிடம் நேரில் போய்ச் சொல்வதில்லையா, அப்படி.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் தகப்பனார் பிரெஞ்சு ராணுவத்தில் எழுத்தர். சைகோனில் இருந்தார். 1956-ல் ராணுவம் அங்கிருந்து கிளம்பியபோதுதான் ஊர் திரும்பினார். அதுவரை எங்களுக்கு அவர் என்பது 'பார் அவியோன்' என்று அச்சடித்த உறைகள்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் தெருவில் இருந்த தமிழ் வாத்தியார் வீட்டுக்கு எடுத்துப் போவார். அவர் படித்துச் சொல்வார், இவர் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதுவார்.

அம்மா காலமான பிறகு அந்தக் கடிதங்கள் ட்ரங்குப் பெட்டியில் என்னிடம் வந்தன. மொத்தம் 143. 2011-ல் ஒரு ஸ்கேனர் வாங்கி எல்லாவற்றையும் படமாக்கினேன். ஒரு நோட்டில் பதிவேடும் போட்டேன். வரிசை எண், தேதி, பொருள். அதையே கோப்புக்குப் பெயராகவும் வைத்தேன். நல்ல வேளை என்றுதான் சொல்லவேண்டும். அந்த வருஷம் டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் வந்தது. பரண் மேல் இருந்த ஓடு பறந்தது. ட்ரங்குப் பெட்டியில் மிஞ்சியது நீல மை கரைந்த கூழ். "படமெடுத்து வைத்தேனே" என்று பெருமையாக இருந்தேன். படங்கள் எல்லாம் ஒரே ஒரு டிஸ்க்கில் இருந்தன. கார்பன் காப்பி இல்லாமல் ஒரு காகிதத்தையும் வெளியே அனுப்பாத குமாஸ்தா நான்!

போன மாதம் ஒரு நண்பர் தன் பழைய லேப்டாப்புக்கும் லினக்ஸ் வேண்டும் என்றார். பென் டிரைவில் எழுதித் தரவேண்டும். அதற்கு 'டிடி' என்று ஒரு கட்டளை. எதைப் படிக்கவேண்டும், எதில் எழுதவேண்டும் என்று இரண்டு கோப்புப் பெயர் கொடுத்தால் போதும். பென் டிரைவும் கோப்புதானே. அன்று அது எஸ்டிசி. எழுதிக் கொடுத்தேன். மறுநாள் நண்பர் வந்து, "ஓடவில்லையே" என்றார். திரும்ப எழுதலாம் என்று செருகினேன். மேல் அம்புக்குறியைத் தட்டினால் நேற்றைய கட்டளை அப்படியே வரும். வந்தது. பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். என்டர் தட்டினேன்.

நேற்று பத்து நிமிஷம் பிடித்த வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. பென் டிரைவில் இருக்கிற சின்ன விளக்கு மினுக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த டிஸ்க்கின் விளக்குதான் மினுக்கியது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எஸ்டிபி, எஸ்டிசி என்பவை கருவியின் நிரந்தரப் பெயர்கள் அல்ல. முதலில் வந்தவருக்கு முதல் நாற்காலி. முந்தின நாள் டிஸ்க்கை முதலில் செருகினேன். அது பி, பென் டிரைவ் சி. அன்று பென் டிரைவை முதலில் செருகினேன். அது பி ஆகிவிட்டது, டிஸ்க் சி ஆகிவிட்டது. நேற்றைய நாற்காலியில் இன்று வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காமல் உத்தரவை நீட்டிவிட்டேன். "இது முழு டிஸ்க் ஆயிற்றே, நிச்சயமா?" என்று அந்தக் கட்டளை கேட்காது. அதற்கு எல்லாமே கோப்பு. எழுதச் சொன்னால் எழுதும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்துகிற வசதிக்கு இதுதான் விலை.

பையன் ஓடி வந்தான். "முதல்ல டிஸ்க்கைக் கழட்டுங்க தாத்தா. இனிமே அதுல ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது." பிறகு விளக்கினான். 500 ஜிபி டிஸ்க்கில் நான் மேலே எழுதியது முதல் இரண்டு ஜிபி சொச்சம்தான். ஆனால் டிஸ்க்கின் அட்டவணை அந்த ஆரம்பத்தில்தான் இருந்தது. எந்தக் கோப்பு எங்கே, அதன் பெயர் என்ன என்ற விவரம் போய்விட்டது. மற்றதெல்லாம் உள்ளேயே கிடக்கிறது. ரெக்கார்டு ரூமில் இன்டெக்ஸ் எரிந்துபோய், கட்டுகள் மட்டும் அலமாரியில் இருக்கிற மாதிரி.

'ஃபோட்டோரெக்' என்று ஒரு மென்பொருள். எழுதியவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அது அட்டவணையைத் தேடுவதில்லை. டிஸ்க் முழுவதையும் நீளமான ஒரே கோப்பாகத் திறந்து, முதல் பைட்டிலிருந்து கடைசி வரைக்கும் படித்துக்கொண்டே போகிறது. படம் ஒன்று தொடங்குகிற அடையாளம் எங்கே தெரிந்தாலும் அங்கிருந்து உருவி எடுத்து வேறு டிஸ்க்கில் வைக்கிறது. எந்த ஏற்பாடு என்னைக் கவிழ்த்ததோ அதே ஏற்பாடுதான் கை கொடுத்தது. டிஸ்க் ஒரு கோப்பு என்பதால்தான் அட்டவணை போன பிறகும் அதைப் படிக்க முடிந்தது.

ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் ஆயிரக்கணக்கான படங்கள். பேரப்பிள்ளைகள், கல்யாணங்கள், இடையிடையே சைகோன் கடிதங்கள். ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. 'எஃப்' என்ற எழுத்தும் அதன் பின்னால் ஏழெட்டு இலக்க எண்ணும்தான். பெயரெல்லாம் அட்டவணையோடு போய்விட்டது.

வேறு வழியில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடிதமாகத் திறந்தேன். தேதியை மட்டும் பார்த்தால் போதாது. பல பக்கங்களில் தேதியே இருக்காது. எது எதோடு சேரும் என்று தெரிய, முதல் வரியிலிருந்து படிக்கவேண்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவற்றை நான் இதுவரை படித்ததே இல்லை. 2011-ல் செய்தது தபால் பதிவு. மேலே தேதி, நடுவில் ஒரு பார்வை, பொருள் கலத்தில் ஒரு சொல், அடுத்தது. அதிகமும் நான் எழுதியிருந்த சொல், 'பொது'.

37-ம் எண், 1955 ஜூன், பொது. அந்தக் கடிதத்தைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

எனக்கு அப்பா மேல் ஒரு வருத்தம் உண்டு. பழைய வாசகர்களுக்குத் தெரியும், இங்கேயே எழுதியிருக்கிறேன். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறிவிட்டது. அதற்குப் பிறகும் என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார்கள். உத்தியோகத்துக்கு வந்தபோது ஆபீஸ் முழுக்க ஆங்கிலம். ஒரு நோட் எழுத அகராதியைப் புரட்டி, சின்னப் பையன்களிடம் திருத்தம் வாங்கி, என்னோடு சேர்ந்தவர்கள் பதவி உயர்வில் தாண்டிப் போவதைப் பார்த்தவன். எல்லாம் சைகோனில் உட்கார்ந்துகொண்டு அப்பா எடுத்த முடிவு என்றே எழுபது வருஷம் நினைத்திருந்தேன்.

கடிதத்தில் அப்பா எழுதியிருந்தது வேறு. இங்கே எல்லோரும் இனி இங்கிலீஷ்தான் என்கிறார்கள், பையனை அந்தப் பள்ளியில் போடலாம் என்றுதான் நான் எழுதினேன். நீ ஒரே பிடியாக வேண்டாம் என்கிறாய். என் சம்பளக் காகிதமும் ராணுவக் காகிதமும் வரும்போதெல்லாம் பிரெஞ்சு தெரிந்தவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறாய் என்று வாத்தியார் எழுதியிருக்கிறார். நம் வீட்டிலேயே படிக்கிறவன் ஒருத்தன் இருக்கவேண்டும் என்கிறாய். சரி, உன் இஷ்டப்படியே சேர்த்துவிடு.

அவ்வளவுதான். பிறகு பணம் அனுப்பிய விவரம், தங்கையின் இருமலுக்கு மருந்து, எல்லோருக்கும் விசாரிப்பு.

அம்மா இதை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் பல தடவை அவர் எதிரிலேயே, "அப்பா செய்த வேலை" என்று சலித்துக்கொண்டிருக்கிறேன். அவர் பேசாமல் இருந்துவிடுவார். உத்தியோகத்தில் என்னைக் கடைசியில் 'எத்தா சிவில்' பதிவேடுகளின் பக்கம் போட்டார்கள். பழைய பிரெஞ்சுப் பிறப்பு, திருமணப் பதிவுகளைப் படிக்க ஆள் வேண்டியிருந்தது. காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனையோ அம்மாக்கள் என் மேஜை முன்னால் வந்து நின்றார்கள். நானும் படித்துச் சொன்னேன். அவர்களுக்கெல்லாம் படித்தேன். வீட்டில் இருந்ததைப் 'பொது' என்று போட்டு மூடினேன்.

வீட்டுக்காரம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "காகிதமா இருந்தப்பவே படிச்சிருக்கலாமே" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது?

131 கடிதங்கள் திரும்பி வந்தன. 12 வரவில்லை. அந்தப் பன்னிரண்டுக்கும் நோட்டில் எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. ஒன்பதுக்கு எதிரில் 'பொது'. பழைய யுனிக்ஸில் கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் டெவ்வில் பெயர் மட்டும் வரிசையாக நிற்குமாம். திறக்கப் போனால், அப்படி ஒரு கருவி இல்லை என்று பதில் வரும். இப்போதெல்லாம் செருகினால்தான் பெயர் முளைக்கிறது, கழற்றினால் மறைகிறது. என் நோட்டில் அந்தப் பன்னிரண்டும் பழைய முறையிலேயே நிற்கின்றன. அடிக்க மனம் வரவில்லை.

என்னைப் போல லினக்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. எழுதுவதற்கு முன்னால் 'எல்எஸ்பிஎல்கே' என்று தட்டி, எந்த டிஸ்க் எத்தனை ஜிபி என்று பாருங்கள். 500 எது, 16 எது என்று தெரிந்துவிடும். டெவ்வுக்குள் 'டிஸ்க்' என்ற பிரிவில் 'பை-ஐடி' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அங்கே கருவியின் சொந்தப் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். நாற்காலி மாறினாலும் அது மாறாது. முக்கியமானதை இரண்டு இடத்தில் வையுங்கள். நான் இப்போது மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

லினக்ஸ் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பரணில் பெட்டி இருந்தால் இறக்குங்கள். படமெடுப்பது அப்புறம் இருக்கட்டும். முதலில் உட்கார்ந்து படியுங்கள்.

37-ம் எண்ணுக்கு எதிரில் 'பொது' என்பதை அடித்துவிட்டு, 'அம்மா என்னைப் பள்ளியில் சேர்த்தது' என்று எழுதியிருக்கிறேன்.